முதல் எதிர்மனுதாரர்

பெஞ்சில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஒரு ஆள் வேண்டும், நின்றாலோ இடுப்பில் வைத்த தகடு பத்து நிமிஷத்துக்கு மேல் பொறுக்காது, ஆக உட்காருவதா நிற்பதா என்று கோர்ட் வராந்தாவில் தடியை ஊன்றிக்கொண்டு வசந்தாமணி யோசித்தபடி இருந்தபோதே உள்ளே யார் பேரையோ மூன்று தரம் கூப்பிட்டுவிட்டார்கள், அது தன் பேர் இல்லை என்று தெரிந்ததும் வந்த நிம்மதியில் அவள் பாட்டுக்கு உட்கார்ந்தும் விட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் இரண்டு தூணுக்கு நடுவே, காம்பவுண்டு சுவருக்கு மேலே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பேக்கரி தெரிந்தது. பேக்கரி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் ஒரு வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டையைக் காலையில் அவள்தான் ஒற்றைக் கையால் இஸ்திரி போட்டாள், காலரில் ஒரு மடிப்பு விட்டுப்போனது, இங்கிருந்தே அந்த மடிப்பு தெரிகிற மாதிரி அவளுக்கு இருந்தது. சட்டைக்குள் இருப்பவர் அவள் புருஷன் நாச்சிமுத்து. இந்த வழக்கில் அவர் முதல் எதிர்மனுதாரர். மனுதாரர் யாரென்றால் சாட்சாத் இவளேதான். அட சாமீ, முப்பத்தோரு வருஷம் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக் கண் விழித்துவிட்டு, இன்றைக்கு ஒரே பஸ்ஸில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து வந்து, ஒரு ஸ்டாப் முன்னாடியே அவர் இறங்கி, யாரோ எவரோ போல வேறு வழியாக நடந்து வந்து அந்தப் பேக்கரியில் உட்கார்ந்திருக்கிறார். கோர்ட்டுப் பக்கமே வரக்கூடாது என்று வக்கீல் பிரபாவதி கண்டித்துச் சொல்லிவிட்டாள். “நீங்க ரெண்டு பேரும் சேந்து நின்னு டீ குடிச்சீங்கன்னா இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் அதையும் எழுதிக்குவாருங்க. கூட்டுச் சேந்துட்டுப் பணம் புடுங்கறாங்கன்னு சொல்லிப்போடுவாரு.” அந்தப் பொண்ணுக்கு வயசு முப்பதுகூட இருக்காது, ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

விஷயம் ஒன்றும் பெரிய புதிர் இல்லை. பதினாலு மாசத்துக்கு முந்தி, கிளை ரோட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறுகிற பிரிவில், நாச்சிமுத்து ஓட்டிய காரை இடது பக்கம் ஒரு கோழி லாரி வந்து இடித்தது. இடது பக்கம் உட்கார்ந்திருந்தது வசந்தாமணி. போலீஸ் விசாரித்துவிட்டு, மெயின் ரோட்டைப் பார்க்காமல் ஏறியது கார்தான் என்று நாச்சிமுத்து மேல் கேஸ் எழுதிவிட்டது. அவள் இடது இடுப்பு மூட்டு தூள். தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள், அதுவும் இப்போது நகர்ந்துவிட்டது, மூட்டையே மாற்றினால்தான் தடி இல்லாமல் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அது பென்சனில் ஆகிற காரியமில்லை. காருக்கு முழுப் பாலிசி இருந்தது. கம்பெனி கொடுக்க வேண்டுமென்றால் ஓட்டினவர் மேல் தப்பு இருக்க வேண்டும். “உங்க வீட்டுக்காரர் பேருக்குத்தானுங்க எதிரி, அவர் கைக்காசு ஒண்ணும் போகாது” என்று பிரபாவதி எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். பேருக்குத்தான் எதிரி. பேருக்குத்தான். ஆனால் அந்தப் பேரை மனுவில் எப்படி எழுதியிருக்கிறார்கள் தெரியுமா, ‘மேற்படி முதல் எதிர்மனுதாரர் மேற்படி காரை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்று. அதிவேகமாம். நாப்பதுக்கு மேலே முள் போனால் பாவம் வந்து சேரும் என்று நினைக்கிற மனுஷன். பின்னால் வருகிற டவுன் பஸ்காரன் ஹாரன் அடித்து அடித்துத் தொண்டை கட்டிப்போவான், இவர் “போறவன் போகட்டும் அம்மிணி” என்று ஓரம் கட்டி வழிவிட்டுவிட்டு, அப்புறம் ஒரு சைக்கிளுக்கும் வழிவிடுவார். அவரைப் போய் அஜாக்கிரதை என்று இன்றைக்குக் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும், கடவுள் அறியச் சத்தியம் பண்ணிவிட்டுச் சொல்ல வேண்டும். சொல்லிவிடலாம், வாய்தானே, ஆனால் அது பொய் என்று அவளுக்கு மட்டும் தெரியும். நெசம் என்னவென்றால், தப்பு பண்ணினது அவள்.

யாரோ ஒரு குமாஸ்தா கட்டுக் கட்டாகக் காகிதம் சுமந்துகொண்டு போனார், கட்டுக்கு மேலே ஒரு தக்காளிப் பை இருந்தது, வீட்டுக்கு வாங்கியிருப்பார் போல. தக்காளி விலை ஏறிப்போச்சு. அவர் காலையில் தக்காளி சாதம் கிளறி டப்பாவில் போட்டார், பாவம், இந்தப் பதினாலு மாசத்தில் சமையல் நன்றாகவே வந்துவிட்டது அவருக்கு, உப்பு மட்டும் ஒரு கல் தூக்கல். மின்வாரியத்தில் முப்பத்திநாலு வருஷம் லைனில் ஏறி இறங்கின கை. அந்தக் கை இப்போது அவளைக் குளிப்பாட்டிவிடுகிறது, தலை துவட்டுகிறது, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவள் காலை மடியில் எடுத்து வைத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒவ்வொரு விரலாக நகம் வெட்டுகிறது. “நீங்க காலைத் தொடலாமுங்களா, விடுங்க” என்று முதல் தரம் அவள் காலை இழுத்தபோது, “போஸ்டுக்குப் போஸ்டு கும்பிட்டுத்தான் ஏறுவேன், உன்ற காலத் தொட்டா என்ன கொறஞ்சா போயிருவேன்” என்றார். அவர் நகம் வெட்டுகிற ஒவ்வொரு தரமும், குனிந்த அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டு, இப்பச் சொல்லிப்போடலாம், இந்த விரல் முடியட்டும், அடுத்த விரல் முடியட்டும் என்று அவள் வாய் வரைக்கும் கொண்டுவருவாள், சுண்டுவிரல் முடிந்துவிடும், அவர் எழுந்து போய்விடுவார். இருபத்தொரு வருஷம் கார் ஓட்டினவர் இப்போது ஸ்கூட்டரைக்கூடத் தொடுவதில்லை. ரோட்டைத் தாண்ட வேண்டுமென்றால் சின்னப் பிள்ளை மாதிரி அரை மணி நேரம் ஓரத்தில் நிற்கிறார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் பக்கத்திலேயே நின்று எஸ்.ஐ.யிடம் சொன்னாரே, “நான் பாக்கலீங்க சார், முழுக்க என்ற தப்புத்தானுங்க,” அது அவள் காதில் விழுந்தது. மயக்கத்தில் இருந்தாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். மயக்கம் ஒன்றும் இல்லை, வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். அன்றைக்குத் திறக்காத வாய்தான், அதற்குப் பிறகு எப்போது திறந்தாலும் ‘ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை’ என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது, நாளுக்கு நாள் கனம் கூடிப்போனது.

எல்.சி. எல்லாம் அந்த எல்.சி.யால் வந்தது. மின்வாரியத்தில் ஒரு வழக்கம், கம்பத்தில் ஏறி ஒயரில் கை வைப்பதற்கு முன்னால் சப் ஸ்டேஷனைக் கூப்பிட்டு லைன் க்ளியர் கேட்க வேண்டும், அங்கிருப்பவர் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு, ஆளுக்கு ஆள் பேரும் நேரமும் சொல்லி நோட்டில் எழுதி, ‘க்ளியர்’ என்று சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் மேலே இருப்பவன் வேலையைத் தொடுவான். அந்த ஒரு வார்த்தையில் ஒரு உயிர் இருக்கிறது என்று கல்யாணமான புதிதிலேயே அவளிடம் சொன்னார். கார் வாங்கின நாளிலிருந்து அதே பழக்கத்தை ரோட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். பிரிவு வந்தால் நிறுத்துவார். வலது பக்கம் அவர் பார்ப்பார், இடது பக்கம் அவளுடையது. “எல்.சி. குடு” என்பார். அவள் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு “க்ளியர்” என்பாள். “பேரு, நேரம்?” என்பார். “வசந்தாமணி, பதினொண்ணு நாப்பது” என்று சொன்னால்தான் வண்டி நகரும். பின்னால் உட்கார்ந்து வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் சிரிப்பார்கள், இதென்னப்பா புருஷன் பொண்டாட்டியா இல்லை ஆபீஸா என்று. அவளுக்கு உள்ளூரப் பெருமை. இருபத்தொரு வருஷம் இடது பக்கத்துக்கு அவள்தான் சப் ஸ்டேஷன். ஒரு தரம் அவருடைய ஆபீஸிலேயே ஒருவர், பெயர்கூட மறந்துவிட்டது, வேறு லைனை ஆஃப் செய்துவிட்டு க்ளியர் கொடுத்துவிட்டார், மேலே ஏறின வயர்மேன் கரிக்கட்டையாகத்தான் இறங்கினான். அதற்கப்புறம் அந்த க்ளியர் கொடுத்தவர் போனையே எடுக்க மாட்டாராம், வீட்டில் குழந்தை கேட்டால்கூட சரி என்று சொல்லமாட்டாராம். அந்த ஆளைப் பற்றி அவர் சொன்னபோது அவள் பருப்பு தாளித்துக்கொண்டே, ஐயோ பாவம் என்று சொல்லி, அத்தோடு விட்டுவிட்டாள். இப்போது தினமும் அந்த முகம் தெரியாத ஆள்தான் ஞாபகத்துக்கு வருகிறார். என்னாட்டத்தான் இருந்திருப்பாரு. என்னாட்டவேதான்.

உள்ளே டவாலி மறுபடியும் கூப்பிட்டார், ஒரு கிழவர் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். அன்றைக்கும் இப்படித்தான் வெயில். காதுகுத்துக்குப் போய்விட்டு வந்தார்கள். அவள் தம்பி போய்ச் சேர்ந்து எட்டு மாசம், அதற்கப்புறம் அவள் போன முதல் விசேஷம். போகவே மாட்டேன் என்றுதான் இருந்தாள், இவர்தான் விடாப்பிடியாகப் புடவை எடுத்துக் கொடுத்து, தானும் இளமையாக இருக்கட்டும் என்று தலைக்கு டை அடித்துக்கொண்டு கிளம்பினார். அவராகவே அடித்த டை. விசேஷ வீட்டில் விசிறி ஓடவில்லை, வியர்வையோடு சேர்ந்து கறுப்பு இறங்க ஆரம்பித்தது போல, யாரும் சொல்லவில்லை. பிரிவில் வண்டியை நிறுத்தினார். வலது பக்கம் தலையைத் திருப்பினார். திருப்பியபோது அவருடைய இடது காது அவளுக்கு நேராக வந்தது. காதுக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்புக் கோடு கழுத்து வழியாக இறங்கி, அவள் வெளுத்து நீலம் போட்ட காலருக்குள் போய்க்கொண்டிருந்தது. எழுபதை நோக்கிப் போகிற மனுஷன், பொண்டாட்டி வெளியே வரட்டும் என்பதற்காக டை அடித்து, அது இப்படி ஒழுகி. “எல்.சி. குடு அம்மிணி” என்றார். அவள் அந்தக் காதையே பார்த்துக்கொண்டு “க்ளியர்” என்றாள். பேரு, நேரம் கேட்டாரா? கேட்கவில்லை. இல்லை, கேட்டிருப்பார், லாரிச் சத்தத்தில் விழவில்லை. இல்லையில்லை, கேட்கவில்லை. இங்கேதான் ஒவ்வொரு தரமும் முள்ளில் துணி மாட்டினாற்போல நின்றுவிடுகிறது. அப்புறம் சத்தம். அப்புறம் வெள்ளை வெள்ளையாக இறகு, காருக்குள்ளே, மடியிலே, வாயிலே. கோழிகள் ரோட்டில் இறங்கி, ஒன்றுமே நடக்காதது போலப் பொறுக்கிக்கொண்டு திரிந்தன. லாரி டிரைவர் தலையில் கைவைத்து அழுதுகொண்டு நின்றான். இவர் அவள் முகத்திலிருந்து இறகை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே இருந்தார், எடுத்துக்கொண்டே இருந்தார், ரத்தத்தை விட்டுவிட்டு இறகை எடுத்தார்.

“அம்மா, நம்ம கேஸு பாஸ் ஓவருங்க. மத்தியானம் ரெண்டரைக்கு மேலதான்” என்று பிரபாவதி வந்து நின்றாள், கறுப்பு கவுன் தோளிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. “நான் சொன்னது ஞாபகம் இருக்குதுங்களா? கம்பெனி வக்கீல் கடைசீல ‘இப்படீன்னு நான் சொல்றேன்’னு ஒரு கேள்வி கேப்பாரு. அவர் என்ன சொன்னாலும் ‘சரியல்ல’ அப்படீங்கோணும். அது ஒண்ணுதான். வேற வார்த்தையே வேண்டாமுங்க.” வசந்தாமணி தலையாட்டினாள். அந்தப் பொண்ணிடம் கேட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது, ஏங்கண்ணு, தப்பு என்ற மேல இருந்தா கம்பெனி என்ன பண்ணும் என்று. கேட்டால் அவள் முகம் எப்படிப் போகும் என்பதும் தெரிந்தது. பணம் வராது, மூட்டு மாற்ற முடியாது, சாகிற வரைக்கும் இவர் அவளைத் தூக்கித் தூக்கி உட்கார வைக்க வேண்டும், அவருக்கே முதுகு வலி. அது ஒரு பக்கம். சொல்லாமல் விட்டால் இந்தக் கோர்ட் முத்திரை குத்தி, சீல் வைத்து, நாச்சிமுத்து அஜாக்கிரதைக்காரர் என்று எழுதிக் கொடுத்துவிடும், அவரும் அதை நம்பிக்கொண்டே செத்துப்போவார். பணம்கூடக் கிடக்கட்டும், தெரிந்தால் இந்த மனுஷன் என்னைப் பார்க்கிற பார்வை மாறிப்போகுமோ என்கிற பயம்தான் இவளை இத்தனை நாளும் கட்டிப்போட்டது. பாத்ரூம் போய்வருகிறேன் என்று சொல்லி, பிரபாவதி கை கொடுத்து எழுப்பிவிட, தடியை ஊன்றிப் படி இறங்கினாள்.

ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால், பைக் நிறுத்துகிற இடத்தில், ஒரு புங்கமரமும் அதைச் சுற்றி சிமெண்டு மேடையும் இருந்தன. இவள் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மேடையின் அந்தப் பக்கம் யாரோ வந்து உட்கார்கிற சத்தம் கேட்டது. அது அவர்தான் என்று திரும்பாமலே தெரிந்தது, பேக்கரியிலிருந்து பார்த்துவிட்டு வந்திருப்பார். நடுவில் மரம். “வக்கீலம்மா பாத்துதா?” என்றது மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து. “இல்லீங்க.” டிபன் டப்பாவின் மூடி மட்டும் மரத்தைச் சுற்றி வந்தது, மூடியில் அவளுக்கு, டப்பாவில் அவருக்கு. கள்ளக் காதல் பண்ணுகிற வயசைப் பார், என்று அவளுக்கே சிரிப்பு வர வேண்டிய இடம், வரவில்லை. ஒரு வாய் வைத்தாள். உப்பு ஒரு கல் தூக்கல். அந்த ஒரு கல் உப்பில் என்னவோ உடைந்துபோய், முன்னால் நின்ற யாருடையதோ பைக்கைப் பார்த்துக்கொண்டு, ஒரே மூச்சில் சொன்னாள். “ஏனுங்க, அன்னிக்கு நான் ரோட்டப் பாக்கலீங்க. பாக்காமத்தான் க்ளியர்னு சொன்னேன். உங்க காதுல டை ஒழுகீட்டிருந்துச்சு, அதைத்தான் பாத்துட்டிருந்தேன். தப்பு என்ற மேலதானுங்க. பதினாலு மாசமா மறச்சுப்போட்டேன். இன்னிக்கும் உங்க மேலேயே பழியப் போட்டுச் சத்தியம் பண்ணச் சொல்றாங்க, என்னால ஆகாதுங்க.” அந்தப் பக்கம் டப்பாவைக் கீழே வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. போய்விட்டாரோ என்று நினைத்தாள், போகட்டும், அதுதான் நியாயம், நான் மட்டும் அவர் இடத்தில் இருந்தால் இருந்திருப்பேனா என்று நினைத்துக்கொண்டே மூடியில் இருந்த சோற்றை விரலால் கூட்டிக் கூட்டி ஓரத்தில் வைத்தாள்.

நாச்சிமுத்து மரத்தைச் சுற்றி வந்து அவள் முன்னால் நின்றார், யார் பார்த்தால் என்ன என்பது போல. “எனக்குத் தெரியும் அம்மிணி” என்றார். “வலப்பக்கம் பாத்துட்டு உன்ற பக்கம் திரும்புனேன். நீ ரோட்டப் பாக்காம என்ற காதப் பாத்துச் சிரிச்சிட்டிருந்த. உன்ற தம்பி போனதுக்கப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்ச. நீ பாக்கலீன்னு நல்லாவே தெரிஞ்சுது எனக்கு. தெரிஞ்சுட்டேதான், உன்ற மூஞ்சியவே பாத்துட்டு கிளட்ச விட்டேன்.” குனிந்து அவள் கையிலிருந்த மூடியை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். “எல்.சி. குடுத்தாலும், நெசமா லைன்ல கரண்ட் இல்லையான்னு நாமளே ஒருக்கா எர்த் ராடு மாட்டிப் பாத்துட்டுத்தான் கை வெக்கோணும். குடுத்தவன் சொன்னான்னு தொடறவன் வேலைக்காரன் இல்ல. முப்பத்திநாலு வருசத்துல ஒரு நாளு நான் மாட்டாம இருந்ததில்ல. அன்னிக்கு ஒரு நாளு மாட்டல. மனுவுல எழுதியிருக்கறது நெசந்தான், அதிவேகம்ங்கறது மட்டும் பொய்.” சிரித்தேனா? அவள் ஞாபகத்தில் காது இருந்தது, டை இருந்தது, இறகு இருந்தது, தான் சிரித்தது மட்டும் இல்லவே இல்லை. தன் கண் எங்கே இருந்தது என்பதையே பதினாலு மாசமாகக் குடைந்துகொண்டிருந்தவளுக்கு, அவருக்கும் இரண்டு கண் இருந்தது, அது அந்த நேரத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்திருக்கும் என்று ஒரு தரம்கூடத் தோன்றவில்லையே. “அப்பறம் எதுக்குங்க எங்கிட்டச் சொல்லாம இருந்தீங்க?” என்றாள், கோபமாகத்தான் கேட்டாள், கோபம்தான் முதலில் வந்தது. அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார், “நீ சிரிச்சதுனாலதான் இத்தனையும் ஆச்சுன்னு நெனச்சுக்குவ. அப்பறம் நீ சிரிக்கவே மாட்ட.” அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை, அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து, அதில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். கூண்டுக்கு ஒரு படி, அதில் ஏற டவாலி கை கொடுத்தார். நீதிபதி ஒரு அம்மா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, “நிக்க முடியலேன்னா உக்காந்துக்கங்க” என்று நாற்காலி போடச் சொன்னார். சத்தியம் பண்ணினாள். வாக்குமூலத்தில் கையெழுத்து உங்களுடையதுதானே என்றார்கள், ஆமாங்க என்றாள். அப்புறம் கம்பெனி வக்கீல் எழுந்தார், பெரியவர், சொந்த மாமன் மாதிரி முகம். “உங்க வீட்டுக்காரர் முப்பத்திநாலு வருஷம் மின்வாரியத்துல ஒரு கரும்புள்ளி இல்லாம வேலை பாத்தவர், சரிங்களாம்மா?” சரிங்க. “இருபத்தியோரு வருஷமா கார் ஓட்டறார், ஒரு கேஸ் கிடையாது.” கிடையாதுங்க. “நிதானமான மனுஷர். பிரிவு வந்தா நிறுத்தி ரெண்டு பக்கமும் பாக்கறவர்.” ஆமாங்க, ஆமாங்க. அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது, இந்தக் கட்டடத்திலேயே அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்கிற ஒரே ஆள் எதிர்க்கட்சி வக்கீல்தானா, தன் பக்கத்து வக்கீல் எழுதினதெல்லாம் திட்டு, இந்த மனுஷனைக் கும்பிடலாம் போலிருக்கிறதே என்று. பிரபாவதி தலையைக் குனிந்துகொண்டு பேனாவைக் கடித்தாள். “அன்னைக்கும் அவர் கவனமாத்தான் ஓட்டினார், லாரிதான் தப்பு. கம்பெனிகிட்ட இழப்பீடு வாங்கறதுக்காக நீங்க ரெண்டு பேரும் கூடிப் பேசி, உத்தமமான மனுஷர் மேல அஜாக்கிரதைன்னு பழி போடறீங்கன்னு நான் சொல்றேன்” என்று முடித்துவிட்டு அவர் கண்ணாடியைத் துடைத்தார். ‘சரியல்ல’ என்று பிரபாவதியின் உதடு சத்தமில்லாமல் சொல்லிக் கொடுத்தது. ஒரு வார்த்தைதான், சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். அவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதவில்லை.

“சரியல்லீங்க” என்றாள். “அவர் நல்ல மனுசருங்க, நீங்க சொன்னதெல்லாம் சரிதானுங்க. ஆனா அன்னிக்குக் கவனமா ஓட்டலீங்க. நிறுத்துனாரு, எடப்பக்கம் எப்படீன்னு என்னையக் கேட்டாரு. நான் ரோட்டப் பாக்காமயே போலாம்னுட்டேன், அது என்ற தப்பு. நான் பாக்கலீன்னு அவருக்கும் தெரியுமுங்க. தெரிஞ்சும் ரோட்டப் பாக்காம வண்டியெடுத்துட்டாரு.” கம்பெனி வக்கீலுக்குக் கண் மின்னியது. “ரோட்டைப் பாக்காம வேற எதைப் பாத்தாராம்?” என்றார். அவள் கைத்தடியின் பிடியைத் தேய்த்தாள். ஐம்பத்தெட்டு வயசில் இத்தனை பேர் முன்னால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாக வந்தது, காதெல்லாம் சுட்டது. “என்னைத்தானுங்க” என்றாள். “நான் சிரிச்சிட்டிருந்தேன். அதைப் பாத்துட்டே ஓட்டிப்போட்டாரு.” பின் பெஞ்சில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்து, அது வக்கீல்கள் வரிசை முழுக்கப் பரவியது. கம்பெனி வக்கீல் மட்டும் சிரிக்காமல் சட்டென்று பிடித்துக்கொண்டார், “அப்ப பாக்காம சொன்ன மனுதாரர் மேலயும் தப்பு இருக்குதுங்கம்மா, அதைப் பதிவு பண்ணணும்.” நீதிபதி கண்ணாடியை இறக்கிக்கொண்டார். “பதிவு பண்ணலாம். ஆனா ரோட்டைப் பாக்க வேண்டியது ஓட்டறவருங்க வக்கீல் சார், பக்கத்துல உக்காந்து வர்றவங்களுக்கு யாரும் லைசென்ஸ் கேக்கறதில்ல” என்று சொல்லிவிட்டு, டைப் அடிக்கிறவர் பக்கம் திரும்பி நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார், “முதல் எதிர்மனுதாரர், இடதுபுறச் சாலையைக் கவனிக்காமல், அப்போது சிரித்துக்கொண்டிருந்த மனுதாரரைப் பார்த்தவாறே வாகனத்தை இயக்கினார்.” டைப் அடிக்கிறவர் கையை நிறுத்தினார். “அம்மா, அந்த ‘சிரித்துக்கொண்டிருந்த’ங்கறதும் வேணுங்களா?” “சாட்சி சொன்னாங்கல்ல, போடுங்க.” விசைப்பலகை மறுபடி ஓடியது, அந்த வார்த்தை நீளமான வார்த்தை, அடித்து முடிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. வசந்தாமணிக்கு அழுகை வந்தது, அழுதால் அதையும் டைப் அடித்துவிடுவார்களோ என்று பயந்துபோய், முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.